பாங்காக்கில் நான்கு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

பாங்காக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு இறங்குகிறார்கள்: அரண்மனை, சயன புத்தர், மிதக்கும் சந்தை, சைனா டவுன். பட்டியலில் குறையில்லை. எத்தனை மணிக்கு, எதில் ஏறிப் போவது என்பதில்தான் பயணம் கெடுகிறது. காலை பத்து மணிக்கு அறையை விட்டு இறங்கி, டாக்சி பிடித்து, ஒரு மணி நேரம் நெரிசலில் நின்று, உச்சி வெயிலில் அரண்மனை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. இந்த ஊரில் சாலையை நம்பக் கூடாது. ஆற்றையும் கால்வாயையும் தண்டவாளத்தையும் நம்பலாம். கோயில்களைக் காலையில் முடித்து, நடுப்பகலைக் குளிர்சாதனத்துக்குள் கழித்து, இருட்டிய பிறகு தெருவுக்கு வருவதுதான் இங்கே சரிப்படும்.

கிளம்பும் முன்

நவம்பரிலிருந்து பிப்ரவரி நடுவரை நல்ல காலம். மார்ச், ஏப்ரல் சென்னை மே மாதத்துக்குச் சளைத்ததல்ல. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. தெருவில் யார்மேலும் தண்ணீர் அடிப்பார்கள், பல கடைகள் மூடியிருக்கும். அந்தக் கூத்துக்காகவே போவதானால் சரி, கோயில் பார்க்கப் போவதானால் தேதியை மாற்றுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மாலை மழை கொட்டித் தெருக்களில் தண்ணீர் நிற்கும். ஆனால் காலைகள் பெரும்பாலும் வெறிக்கும், அறை வாடகையும் குறையும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கான விசா விதிகள் சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும் அன்றே தாய்லாந்து தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். தெரிந்தவர் போன வருஷம் போன கதை உதவாது. விசா தேவையோ இல்லையோ, டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. விமானம் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகருடையது, மூடிவிடுங்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் தாளில் அச்சடித்து வைத்திருங்கள். குடிநுழைவு மேசையில் கையிருப்புப் பணத்தையும் சில சமயம் காட்டச் சொல்வார்கள்.

ஒரு பாட் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய். ரூபாய் நோட்டைக் கொண்டுபோய் மாற்றினால் நஷ்டம் அதிகம். மடிப்பு, கிறுக்கல் இல்லாத நூறு டாலர் நோட்டுகளுக்கு நல்ல விலை கிடைக்கும். அழுக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் மேல்தளத்து வங்கிக் கவுன்டர்களைத் தாண்டி, ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்துக்கு இறங்கினால் சூப்பர் ரிச் போன்ற தனியார் மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விகிதம் அங்கே தெளிவாகவே நன்றாயிருக்கும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 220 பாட்டோ அதற்கு மேலோ உள்ளூர் வங்கி பிடித்துக்கொள்ளும். ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி பாட்டையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வைத்த விகிதம்தான்.

கார்டில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்திய வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும், அட்டையைத் தட்டியே பணம் செலுத்தும் கான்டாக்ட்லெஸ் வசதியையும் பொதுவாக அணைத்தே தருகின்றன. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்து வையுங்கள். மெட்ரோ வாசலில் நின்று தட்டிக்கொண்டேயிருக்கும் இந்தியர்கள் பலர் இந்த இரண்டாவது பொத்தானை மறந்தவர்கள்தான்.

மின்சாரம் 220 வோல்ட். நம் ஊர்ப் போன் சார்ஜரின் இரண்டு உருண்டை முனைகள் அங்கே நுழையும். மடிக்கணினியின் மூன்று முனைச் செருகி நுழையாது. ஒரு அடாப்டர் வாங்கி வையுங்கள். இ-சிகரெட் எடுத்துப் போக வேண்டாம், அங்கே சட்டவிரோதம்.

எங்கே தங்குவது

ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் தங்குங்கள். அறையின் அழகைவிட இது முக்கியம். சிலோம் – சாலா டேங் பகுதி நல்லது: மேம்பால ரயில், சுரங்க ரயில் இரண்டும் அருகில், படகுத்துறையும் சில நிறுத்தங்களில் வந்துவிடும். பயா தாய், ராட்சதேவி பக்கம் விமான நிலைய ரயிலுக்கு வசதி. சுகும்வித் சாலையில் அசோக்கும் பரவாயில்லை. இந்தியச் சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் பிரதுநாமில் இறக்கிவிடப்படுகின்றன. அங்கே துணிக்கடைகளும் இந்திய உணவகங்களும் ஏராளம். ஆனால் ரயிலுக்குப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும், சாலையோ நகரிலேயே மோசமாக அடைபடுகிறவற்றில் ஒன்று. கால்வாய்ப் படகு நிறுத்தம் ஒன்றுதான் அதற்கு ஈடு. காவ் சான் தெரு இளவட்டங்களுக்கு. இரவு இரண்டு மணிவரை இரைச்சல், ரயிலும் பக்கத்தில் இல்லை.

அறையில் முன்பணம் கேட்பது வழக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

முதலில் டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பாருங்கள். சுவர்ணபூமி, டான் முவாங் என இரண்டு உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மணி நேரமாவது ஆகும். மலிவு விலை விமானங்கள் பல டான் முவாங்குக்குப் போகின்றன.

சுவர்ணபூமியில் இறங்கினால் அடித்தளத்தில் விமான நிலைய ரயில். காலை ஐந்தரை முதல் நள்ளிரவு வரை ஓடும். பயா தாய்வரை சுமார் அரை மணி நேரம், 45 பாட். பயா தாயில் பிடிஎஸ் என்னும் மேம்பால ரயிலுக்கும், அதற்கு முன்பே மக்காசனில் எம்ஆர்டி என்னும் சுரங்க ரயிலுக்கும் மாறலாம். மாலை ஐந்து முதல் எட்டு வரை பெரிய பெட்டியோடு இதில் ஏறுவது சிரமம்.

மூன்று நான்கு பேர் பெட்டிகளோடு இருந்தால் டாக்சியே கட்டுப்படியாகும். முதல் தளத்துக்குப் போய், இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதிலுள்ள எண்ணின்படி வண்டி நிற்கும் இடத்துக்குப் போங்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதோடு விமான நிலையக் கட்டணம் 50, விரைவுச் சாலையில் போனால் அந்தச் சுங்கமும் உங்களுடையது. எல்லாம் சேர்த்து நகர நடுவுக்கு 350 முதல் 500 பாட் ஆகலாம். சீட்டின் மறுபாதி உங்களிடம் இருக்கட்டும்; பொருள் எதையாவது மறந்துவிட்டால் வண்டியைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து 'டாக்சி, டாக்சி' என்று கூப்பிடுபவர்களிடம் நிற்காதீர்கள்.

டான் முவாங்கிலிருந்து சிவப்புப் பாதை ரயில் குரூங் தெப் அபிவாட் பெரிய நிலையத்துக்கு வரும்; அங்கே எம்ஆர்டி நீலப் பாதை. ஏ1 பேருந்தில் 30 பாட்டுக்கு மோ சிட் பிடிஎஸ் வரையும் வரலாம்.

ரயில், படகு, டாக்சி

பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு சீட்டு. நிலையத்தின் பெயர்கூட மாறும்: பிடிஎஸ் அசோக் இருக்கும் இடத்தில் எம்ஆர்டிக்குப் பெயர் சுகும்வித், பிடிஎஸ் மோ சிட், எம்ஆர்டிக்கு சத்துச்சக் பூங்கா. எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டிவிட்டு நேரே போகலாம், வெளியே வரும்போதும் அதே அட்டையைத் தட்ட வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அட்டை செல்லாது, ஆளுக்கொன்று வேண்டும். பிடிஎஸ்ஸுக்கு ராபிட் என்னும் பணம் ஏற்றிக்கொள்ளும் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கடவுச்சீட்டு கேட்பார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் சீட்டு, அதற்குச் சில்லறை, அதற்கு வரிசை.

சாவ் பிரயா ஆற்றில் பல வகைப் படகுகள் ஓடுகின்றன. கொடியின் நிறத்தைப் பார்த்து ஏற வேண்டும். ஆரஞ்சுக் கொடி ஊர்க்காரர்களின் படகு, எங்கே இறங்கினாலும் 16 பாட், படகுக்குள்ளேயே நடத்துநர் தகரக் குழாயை ஆட்டிக்கொண்டு வருவார். நீலக் கொடி சுற்றுலாப் படகு. இடம் தாராளம், ஆங்கில அறிவிப்பு உண்டு, நாள் முழுவதற்குமான சீட்டு 150 பாட். சாத்தோன் துறையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உங்களை நீலப் படகுக்குத்தான் அனுப்புவார்கள். ஒன்றிரண்டு முறை மட்டும் ஏறுவதானால் ஆரஞ்சுக் கொடி வரிசை எங்கே என்று கேட்டு அங்கே நில்லுங்கள். மாலை ஆறு ஆறரைக்குமேல் ஆரஞ்சுப் படகை நம்ப வேண்டாம்.

டாக்சியில் ஏறும் முன் 'மீட்டர்' என்று ஒரே வார்த்தை. தலையை ஆட்டி ஒரு தொகை சொன்னால் கதவை மூடிவிட்டு அடுத்த வண்டி. கிராப், போல்ட் செயலிகள் இருந்தால் இந்தத் தகராறே இல்லை. நெரிசல் மட்டும் அப்படியே இருக்கும். காலை ஏழு முதல் ஒன்பதரை, மாலை நான்கு முதல் எட்டு: இந்த நேரங்களில் நான்கு சக்கரம் எதிலும் ஏறாதீர்கள். டுக்-டுக் என்னும் மூன்று சக்கர ஆட்டோ ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டிய வேடிக்கை, அவ்வளவுதான். டாக்சியைவிட விலை கூடுதல், புகையும் சேர்த்து.

ஆற்றோர நாள்

முதல் நாள் காலை ஏழரைக்குள் சாத்தோன் துறையில் இருங்கள். பிடிஎஸ் சபான் தாக்சின் நிலையத்தின் இரண்டாம் வாயிலில் இறங்கினால் துறை எதிரே. ஆரஞ்சுக் கொடியில் ஏறி தா சாங் துறையில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் நா பிரா லான் சாலையில் அரண்மனை வாசல். சனாம் சாய் சுரங்க நிலையமும் அருகில்தான் என்று வரைபடம் காட்டும். ஆனால் அது அரண்மனையின் தெற்கே, வாசலோ வடக்கே. மதிலைச் சுற்றி வெயிலில் இருபது நிமிடம் நடக்க வேண்டியிருக்கும்.

வாசல் எட்டரைக்குத் திறக்கும், சீட்டு மாலை மூன்றரை வரை, தலைக்கு 500 பாட். அரச சடங்குகள் உள்ள நாட்களில் சில பகுதிகளையோ முழு வளாகத்தையோ மூடுவார்கள். முந்தின நாள் அரண்மனையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உடை விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முழங்கால் தெரியும் கால்சட்டை, கையில்லாத மேலாடை, கிழிந்த ஜீன்ஸ், ஒட்டிய லெக்கிங்ஸ் எதுவும் ஆகாது. தோளில் துண்டைப் போர்த்திச் சமாளிப்பதும் செல்லாது. சல்வார் கமீஸ், சேலை, சட்டை பேன்ட் எல்லாம் தாராளமாகச் செல்லும். மறந்தவர்களைக் குறிவைத்தே வெளியே யானைப் படம் போட்ட பேன்ட் விற்கிறார்கள்.

1782இல் முதலாம் ராமா தலைநகரை இந்தக் கரைக்கு மாற்றியபோது கட்டத் தொடங்கிய வளாகம் இது. உள்ளே மரகத புத்தர் கோயிலான வாட் பிரா கேவ் இருக்கிறது (வாட் என்றால் கோயில்). சிலை 66 சென்டிமீட்டர் உயரம்தான், மிக உயரத்தில் இருக்கிறது, படம் எடுக்க அனுமதியில்லை. பெயரில் மரகதம் இருந்தாலும் கல் ஒருவகை ஜேட். கோடை, மழை, குளிர் என மூன்று பருவத்துக்கு மூன்று பொன்னாடை. மன்னரே மாற்றுவது மரபு. பெரும்பாலோர் இதைப் பார்த்துவிட்டு வெளியேறுகிறார்கள். உண்மையில் நேரம் செலவிட வேண்டியது சுற்றுப் பிரகாரச் சுவரில். ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 பகுதிகளாக அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. வடக்குப் பக்க நடு வாயிலில் தொடங்கி வலம் வர வேண்டும். முதல் காட்சியில் சனகர் சீதையைக் கண்டெடுக்கிறார். நமக்குத் தெரிந்த கதைதான் என்று பார்த்துக்கொண்டே போகும்போது வழி மாறும். இங்கே சீதை ராவணனின் மகளாகப் பிறந்தவள். வெள்ளைக் குரங்கான அனுமன் பிரம்மச்சாரி அல்ல, காதல் லீலைகளில் தேர்ந்தவன். வாயில்களில் நிற்கும் பெரிய அரக்கர்களில் பச்சை உடம்பும் அடுக்கு முகங்களும் உள்ளவன் தோட்சகன், நம் தசகண்டன். பத்தரை மணிக்குள் இந்தச் சுவரை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு குழுக்கள் வந்து நெருக்கும்.

அதே 500 பாட் சீட்டில், வேலை நாட்களில் சாலா சலெம்குருங் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நாட்டிய நிகழ்ச்சியும் அடக்கம். பலர் கவனிக்காமல் சீட்டைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். நடுப்பகல் வெயிலுக்கு அதைவிட நல்ல இடமில்லை.

அரண்மனையிலிருந்து மகாராட் சாலை வழியே தெற்கே கால் மணி நேரம் நடந்தால் வாட் போ. கட்டணம் 300 பாட். சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போவார்கள். இந்த மண்டபத்தோடு நிறுத்தாமல் உள்ளே போங்கள். தெற்கு, மேற்குப் பகுதிகளில் ஆளே இருக்க மாட்டார்கள். தாய் மசாஜின் பழைய பள்ளி இங்கேதான், வளாகத்துக்குள்ளேயே செய்துகொள்ளலாம். தெருக்கடையைவிட விலை கூடும், கையும் தேர்ந்த கை.

பிறகு தா தியன் துறையிலிருந்து சில பாட் கொடுத்து அக்கரை போனால் வாட் அருண். கட்டணம் 200. கோபுரம் முழுவதும் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளால் பூ வேலை. அருகில் போனால்தான் சோற்றுத் தட்டு, கிண்ணத்தின் விளிம்பெல்லாம் தெரியும். படிகள் செங்குத்து, இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குங்கள். மாலை ஐந்தரைக்கு இக்கரை திரும்பி நின்றால் கோபுரத்தின் பின்னால் சூரியன் இறங்கும். கூரை உணவகங்களில் அந்தக் காட்சிக்குத் தனி விலை. கரையோரத்தில் இலவசம்.

கால்வாய் வழியே பழைய நகரம்

இரண்டாம் நாள் சேன் சேப் கால்வாய்ப் படகு. பிரதுநாம் துறையிலிருந்து மேற்கே, பான்ஃபா வரை கால் மணி நேரம்கூட ஆகாது. அதே தூரம் மாலையில் டாக்சியில் ஒரு மணி நேரம். படகு துறையில் நிற்பது சில நொடிதான். கயிற்றைப் பிடித்துக் காலை வைத்து உள்ளே இறங்கிவிட வேண்டும், தயங்கினால் போய்விடும். நடுவில் உட்காருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் எதிர்ப்படகு வரும்போது பக்கத்திலுள்ள கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்துவது உங்கள் பொறுப்பு. தண்ணீர் கறுப்பு, அந்த நேரம் வாயை மூடிக்கொள்வது நல்லது.

பான்ஃபாவில் இறங்கினால் தங்க மலை என்னும் வாட் சாகேட். 344 படி, சுற்றிச் சுற்றி ஏறும், மூச்சு வாங்காது. எதிரே 37 இரும்புக் கூர்முனைகள் கொண்ட லோஹ பிரசாத். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் வாட் சுத்தாட்டும், அதன் எதிரே சிவப்புத் தேக்குத் தூண்கள் கொண்ட ராட்சத ஊஞ்சலும்.

பயணக் குழுக்கள் இந்த ஊஞ்சலைப் பேருந்தின் ஜன்னல் வழியே காட்டிவிட்டுப் போய்விடுகின்றன. தமிழர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 1784இல் நிறுவப்பட்டது, இப்போதுள்ள தூண்கள் 2007இல் மாற்றப்பட்டவை. அரசவைப் பிராமணர் நடத்திய 'திரியம்பவாய் – திரிபவாய்' விழாவில் ஆட்கள் இதில் உயரே ஆடிக் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். விபத்துகள் நேர்ந்ததாலும் செலவாலும் 1935க்குப் பிறகு ஆட்டம் நின்றது. விழாவின் சடங்குகள் மட்டும் மார்கழி – தை வாக்கில் பக்கத்திலுள்ள தேவஸ்தான் என்னும் பிராமணக் கோயிலில் இன்றும் நடக்கின்றன. திருவெம்பாவை, திருப்பாவைதான் அந்தப் பெயர்கள். நம் பாசுரங்கள் கிரந்த எழுத்திலிருந்து தாய் எழுத்துக்குப் போய், ஒலி மாறி, அங்கே ஓதப்படுகின்றன. தேவஸ்தான் ஊஞ்சலிலிருந்து இரண்டு நிமிட நடை. வெள்ளைச் சுவர், மூன்று சிறு கட்டடங்கள்: சிவன், பிள்ளையார், திருமால். பலகை பெரிதாக இராது, தாண்டிப் போய்விடாதீர்கள்.

பகல் உணவுக்குப் பாகுராட். தெற்கே பதினைந்து நிமிட நடையில் வரும் இந்தியத் துணிச் சந்தை இது. சீக்கியர் குருத்வாரா நடுவில், சைவச் சாப்பாட்டுக் கடைகள் சந்துகளில். வெயில் தாழ்ந்ததும் யாவராட் சைனா டவுன். வாட் மங்கோன் எம்ஆர்டி நிலையம் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. தெருக்கடைகள் ஆறு மணிக்குமேல்தான் விரிக்கப்படும். திங்கள்கிழமை பல கடைகள் இருக்காது. யாவராட்டின் கிழக்கு முனையில் வாட் திரைமிட். அங்குள்ள ஐந்தரை டன் தங்க புத்தர் நெடுங்காலம் சுதைப் பூச்சுக்குள் மறைந்திருந்தவர். 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்துதான் தங்கம் தெரிந்தது. அது மாலை ஐந்துக்கு மூடிவிடும், ஆகவே சாப்பாட்டுக்கு முன் அதைப் பாருங்கள்.

சிலோம் சாலை மாரியம்மன் கோயிலை வந்து சேர்ந்த மாலையிலேயே பார்த்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய கோயில். உள்ளூரில் 'வாட் கேக்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள், பிள்ளையாருக்குத் தட்டுத் தட்டாகப் பழம் வைத்து வேண்டுவார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நவராத்திரி முடிவில் சிலோம் சாலையையே அடைத்து ஊர்வலம் நடக்கும். பிடிஎஸ் சுராசக் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

மூன்றாம் நாள்: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

அயுத்தயா, சத்துச்சக் சந்தை, மிதக்கும் சந்தை மூன்றையும் ஒரே நாளில் திணிக்க முடியாது. எங்கள் முதல் வாக்கு அயுத்தயாவுக்கு. 1351 முதல் 1767இல் பர்மியப் படை எரிக்கும்வரை சயாமின் தலைநகர். சுமார் 80 கிலோமீட்டர். சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏறக்குறைய 20 பாட், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கும். கவனிக்க வேண்டியது: விரைவு ரயில்கள் 2023 ஜனவரி முதல் குரூங் தெப் அபிவாட்டிலிருந்து, சாதாரண ரயில்கள் பல இன்னும் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து. சீட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் போனால் வண்டி போய்விடும். இறங்கியதும் எதிரே நேராக நடந்து, சிறு படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் மிதிவண்டி எடுங்கள். வாட் மகாதாட்டில் மரவேருக்குள் சிக்கிய புத்தர் தலையோடு படம் எடுப்பவர்கள் குந்தி உட்கார வேண்டும். உங்கள் தலை அதற்கு மேலே இருக்கக் கூடாது. காவலர் விசில் ஊதுவார்.

சனி, ஞாயிறு என்றால் சத்துச்சக். எம்ஆர்டி கம்பேங் பெட் நிலையத்தின் இரண்டாம் வாயில் சந்தைக்குள்ளேயே திறக்கிறது. பதினையாயிரத்துக்குமேல் கடைகள், ஒன்பது மணிக்கே போய் ஒரு மணிக்குள் வெளியே வாருங்கள். 'அப்புறம் வந்து வாங்கலாம்' என்று விட்டுப்போன கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. பிடித்திருந்தால் அப்போதே வாங்குங்கள், அல்லது பகுதி எண்ணையும் சோய் என்னும் சந்தின் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் பத்து, இருபது சதவீதம். பாதி விலைக்குக் கேட்டால் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள்.

விளம்பரங்களில் வரும் டம்னேன் சதுவாக் மிதக்கும் சந்தை நூறு கிலோமீட்டர் தள்ளி, முழுக்கச் சுற்றுலாக்காரருக்காக நடப்பது. வார இறுதியானால் நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் க்ளோங் லாட் மயோம் போதும். ஊர்க்காரர்களே சாப்பிட வருகிறார்கள்.

சாப்பாடு

அசைவர்களுக்கு அறிவுரையே வேண்டாம்: கூட்டம் நிற்கும் வண்டியில் சாப்பிடுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர் 'நுவா', பன்றி தவிர்ப்பவர் 'மூ' என்ற இரண்டு சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும்.

சைவர்களுக்குத்தான் கண்ணி. காய்கறி மட்டும் போட்ட பொரியலிலும் மீன் சாறான 'நாம் ப்ளா' அல்லது சிப்பிக் குழம்பு விழும். பச்சைக் குழம்பின் விழுதிலேயே இறால் அரைத்திருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் அதை மட்டும்தான் எடுப்பார்கள். சொல்ல வேண்டியது 'ஜே'. சீன பௌத்தர்களின் கடும் சைவம் அது: முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் இவை, எழுத்தின் படத்தைப் போனில் வைத்திருந்து பொருத்திப் பாருங்கள். 'காவ் பாட் ஜே' வறுத்த சோறு, 'பாட் தாய் ஜே' நூடுல்ஸ். ஆண்டில் ஒன்பது நாள், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும் ஜே விழாவில் யாவராட் முழுக்க மஞ்சள் கொடி பறக்கும். சைவர்கள் பாங்காக் போக அதுதான் தருணம். 'மங்சாவிராட்' என்றால் முட்டை, பால் இருக்கலாம். பப்பாளிச் சாலட் சோம் தாமில் காய்ந்த இறாலும் மீன் சாறும் இயல்பாகவே சேரும், தள்ளி வையுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழ ஒட்டரிசிச் சோறு பயமில்லாதது; ஏப்ரல், மே மாதங்களில் பழம் உச்சத்தில் இருக்கும்.

பெரிய அங்காடிகளின் உணவுக்கூடங்களை அலட்சியம் செய்யாதீர்கள். அசோக் பிடிஎஸ்ஸை ஒட்டிய டெர்மினல் 21இன் ஐந்தாம் தளத்தில் ஒரு வேளை 50, 60 பாட்டில் முடியும். முதலில் கவுன்டரில் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும், கடைகளில் ரொக்கம் செல்லாது. மிச்சத்தை அன்றே திரும்பப் பெறுங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். நடுவில் துளையுள்ள உருளைப் பனிக்கட்டி தொழிற்சாலையிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம். கழிப்பறைகளில் நீர்த்துப்பாக்கி எங்கும் உண்டு. ஐரோப்பா போய்த் தவித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஏமாறும் இடங்கள்

அரண்மனை அருகே நல்ல சட்டை போட்ட ஒருவர் சிரித்தபடி வந்து 'இன்று விழா, அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறக்கும்' என்பார். அதற்குள் 20 பாட்டுக்கு ஒரு டுக்-டுக் மூன்று கோயில் காட்டும் என்பார். வண்டி போய் நிற்பது ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும். ஓட்டுநருக்கு அங்கே பெட்ரோல் சீட்டும் தரகும். கற்களை 'ஊரில் இரட்டை விலைக்கு விற்கலாம்' என்பார்கள், விற்க முடியாது. வாசல்வரை நீங்களே நடந்து போய்ப் பாருங்கள், திறந்திருக்கும். சனாம் லுவாங் திடல் பக்கம் புறாத் தீனிப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுப் பணம் கேட்பவர்களும் உண்டு. நீள்வால் படகை வாடகைக்குப் பேசும்போது மணிக்கணக்கு, படகு மொத்தத்துக்கு என்று இரண்டையும் தெளிவாக்குங்கள். இறங்கும்போது 'தலைக்கு' என்று மாறும். பாட்போங் இரவு விடுதிச் சந்தில் விலைப்பட்டியல் அட்டை நீட்டி மாடிக்கு அழைப்பவரோடு ஏறினால் இறங்குவதற்கும் காசு.

மன்னர் குடும்பத்தைப் பற்றிக் கேலியாக எதுவும் பேசவோ பதிவிடவோ கூடாது, குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு 15 ஆண்டுவரை சிறை. உருளும் காசைக் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள், அதில் மன்னர் முகம். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது. புத்தர் முன் உட்காரும்போது பாதத்தை அவர் பக்கம் நீட்டாமல் மடக்கிக்கொள்ளுங்கள்.

தெரியாதவர் எவ்வளவு கெஞ்சினாலும் ஊருக்குக் கொண்டுபோகப் பொட்டலம் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வரும் கஞ்சா சென்னை உட்பட நம் விமான நிலையங்களில் தொடர்ந்து பிடிபடுகிறது. தெருக்கடையில் கிடைக்கிறதே என்று நீங்களும் வாங்கி வர வேண்டாம். சுற்றுலாக் காவல் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸ் 1669.

திரும்பும் நாள்

மாலை விமானமானால் நான்கு மணி நேரம் முன்பே அறையை விட்டுக் கிளம்புங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்குமேல் வாங்கியிருந்தால் வரித் தொகையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியது மொத்தம் 20,000 பாட்டோ அதற்கு மேலோ ஆனால், பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க மேசையில் பொருளோடு முத்திரை பெற வேண்டும். பெட்டி போய்விட்டால் முத்திரை கிடையாது. பணம் தரும் கவுன்டர் குடிநுழைவைத் தாண்டி உள்ளே.

கையில் மீதமிருக்கும் சில்லறைக்கு சுவர்ணபூமியின் முதல் தளத்தில், எட்டாம் வாசல் அருகே ஊழியர்கள் சாப்பிடும் உணவுக்கூடம் இருக்கிறது. பயணிகளும் போகலாம், மேல்தளத்து விலையில் பாதிகூட இராது. கூப்பன் முறைதான், மிச்சத்தை மாற்றிக்கொண்டு மேலே ஏறுங்கள்.